படுத்துக் கிடக்கும் கிணற்றைப் பார்க்கப் போனது

காங்கேயத்துக்குத் தெற்கே எந்தத் தோட்டத்துக் கிணற்றை வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். அதை வெட்டியது யார் என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு மேல் என் பெயரைத்தான் சொல்வார்கள். கூடை சுமக்கிற ஆளாகக் கிணற்றுக்குள் இறங்கியவன், பாறையில் வெடிக்குழி போடுகிறவனாகி, வெடி வைக்கிறவனாகி, கடைசியில் மேஸ்திரியாகி ஒரு ஜமாவையே கட்டி மேய்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்த நாட்களை விட வாசலில் முட்டி போட்ட நாட்கள்தான் அதிகம். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதினால் வரி சாயும். ஆனால் பாறையைத் தட்டிப் பார்த்து அது எந்தப் பக்கம் விழும் என்று சொல்வதில் எனக்கு மேலே ஒருவன் இந்தச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை.

அப்படிப்பட்டவனையும் மறுபடி முட்டி போட வைக்கும்படி போன மாசம் ஒரு பயணம் வாய்த்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

பருத்தி விலை விழுந்ததிலிருந்து எங்கள் பக்கம் கிணறு வெட்டுகிற பேச்சே இல்லை. என் ஆட்கள் கடப்பாறையைச் சாய்த்து வைத்துவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கோயமுத்தூருக்கு மேற்கே மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவரச் சுரங்கம் போடுகிறார்கள், கிணற்று வேலை தெரிந்த ஆட்கள் வேண்டுமாம் என்று செய்தி வந்தது. எந்த மலை, எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். இன்னும் அங்கே என் ஆட்கள் சோறு தின்கிறார்கள்.

முதல் தவணையாகப் பத்துப் பன்னிரண்டு பேரை என் மருமகன் நாச்சிமுத்து தலைமையில் அனுப்பியிருந்தேன். இப்போது இன்னொரு தவணை கேட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஒன்றுகூடி வந்து, "நீங்க ஒருக்காப் போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க மேஸ்திரி. நீங்க போலாமுன்னா போறோம், வேண்டாமுன்னா பட்டினி கெடக்கறோம்" என்று பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார்கள்.

புறப்பட்ட அன்று பஸ் நிற்கிற இடத்துக்குப் பொன்னம்மா ஓடி வந்தாள். முதல் தவணையில் போன ரங்கனின் பெண்சாதி. ரங்கன் என்னோடு கூடை சுமந்த காலத்திலிருந்து இருக்கிறவன். வெடி வைத்து வைத்து அவனுக்கு இரண்டு காதும் போய்விட்டது.

"ஏனுங்க மேஸ்திரி, சித்த நில்லுங்க."

கையில் ஒரு பித்தளைத் தூக்குப்போசி. பிடியில் மஞ்சள் துணி சுற்றியிருந்தாள்.

"கொள்ளுப்பொடியும் நெய்யும் இருக்குதுங்க. அவருகிட்டக் குடுத்துப்போடுங்க. அப்பறம் ஒண்ணு. ஊட்டுக்குள்ளயே நான் அவரைத் தோளைத் தொட்டுத்தான் கூப்படறனுங்க. காது கேக்காதவங்களுக்கு ஏத்த எடமான்னு பாருங்க. இல்லீன்னா கையோட கூட்டிட்டு வந்துருங்க."

"நான் பாக்காத பாறையா அம்மணி, போ" என்று சொல்லிவிட்டு ஏறினேன். பஸ் நகர்ந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். சொன்ன சொல்லின் பாரம் மடியில் இருந்த போசியை விடக் கூடுதலாகத் தெரிந்தது.

பல்லடம் தாண்டியதும் டயர் போய்விட்டது. மாற்று டயர் இருக்கிறதா என்று கேட்டேன். டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்துக் காட்டில் போர் போட்டிருந்த சோளத்தட்டையை அள்ளி வந்து டயருக்குள் திணித்தார். எல்லோரும் இறங்கித் தட்டை பிடுங்கிக் கொடுத்தோம். காட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார். பிறகு அவரும் கோயமுத்தூர் போக வேண்டியிருந்ததால் ஏறிக்கொண்டார்.

தட்டை டயரில் வண்டி நொண்டி நொண்டிப் போனது. என் பக்கத்தில் ஒரு பருத்தித் தரகர் உட்கார்ந்திருந்தார். சூலூர் வரைக்கும் பேசினார். மலைச் சுரங்கம் என்றதும் முகத்தை என் பக்கம் முழுசாகத் திருப்பினார்.

"அங்கியா போறீங்க? அங்க உள்ள போன ஒருத்தன் ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பக்கம் மலையாளத்துல வெளிய வந்தானாமுங்க."

"அந்தப் பக்கம் இன்னும் தொளையே போடலீங்களே."

"அதானுங்க அதிசயம்" என்றார்.

முன்சீட்டில் இருந்த ஒரு அம்மாள் திரும்பி, அது ஆள் இல்லை, யானை என்றாள். இன்னொருவர் மேல்கூரை விழுந்ததாகச் சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனால் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

கோயமுத்தூரில் ஒரு காப்பி கிளப்பில் இட்டிலி தின்றேன். எங்கள் ஊரில் கம்பஞ்சோற்றை மோரில் கரைத்துக் குடித்தால் பொழுது சாயும் வரை தாங்கும். இவர்கள் இட்டிலி தொண்டையைத் தாண்டும் முன்பே காற்றாய்ப் போய்விடுகிறது. காப்பி மட்டும் குறை சொல்ல முடியாது. இரண்டாவது டம்ளரும் கேட்டேன்.

வெளியே வந்து நின்றபோது வீதியில் போகிறவர்கள் எல்லோரும் திடீரென்று எட்டி நடக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவரிடம் என்ன கலாட்டா என்று கேட்டேன்.

"மில்லுச் சங்கு ஊதியாச்சுங்களே. கேக்கலீங்களா?"

"அதெல்லாம் கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றேன்.

சுண்ணாம்பை எடுத்த கையோடு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் மாட்டு வண்டி. மலை அடிவாரம் வரைக்கும் சரி, அதற்கு மேல் வண்டிக்காரர் யானைச் சாணியைக் கண்ட இடத்தில் எல்லாம் மாட்டை நிறுத்திவிட்டார். கையை வைத்துப் பார்த்து, "சூடு ஆறிப்போச்சுங்க, போலாம்" என்பார். ஆறாமல் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "திரும்பி ஓடறதுக்கு மாட்டை அவுத்துடோணுமுங்க. நீங்க ஏதாச்சு மரம் பாத்துக்கோங்க" என்றார். என் வயசுக்கு ஏறக்கூடிய மரமாக ஒன்றும் தென்படவில்லை. காலில் அட்டை ஏறி ரத்தம் ஒழுகியது. காங்கேயத்துக் காட்டில் இப்படி ஒரு பூச்சி இருந்தால் குடிக்க ஒன்றும் கிடைக்காமல் அதுவே காய்ந்து செத்திருக்கும்.

கேம்ப் என்பது தகரக் கொட்டகைகள் வரிசையாக நின்ற ஒரு மேடு. நாச்சிமுத்து எதிரே ஓடி வந்து என் மூட்டையை வாங்கிக்கொண்டான். ரங்கன் பின்னால் வந்தான். தூக்குப்போசியைக் கொடுத்தேன். மஞ்சள் துணியைப் பார்த்ததுமே யார் கொடுத்தது என்று தெரிந்துகொண்டான். மூடியைத் திறந்து முகர்ந்தான்.

"நெய்ய நெறையக் காச்சிப்போட்டாளாட்ட இருக்குதுங்க" என்றான். அவன் சத்தம் மலைக்கே கேட்டிருக்கும். காது கேட்காதவன் குரல் அப்படித்தான்.

சாப்பாடு கேம்ப் சமையல்காரருடையது, மலையாளத்துக்காரர். சிவப்பாக, கொட்டை கொட்டையாக ஒரு அரிசி. அதோடு குச்சிக்கிழங்கை, அதான் மரவள்ளியை, வேகவைத்து மசித்துத் தேங்காயெண்ணெய் ஊற்றியிருந்தார். நான் தட்டைத் தள்ளியதைப் பார்த்து அவர் தன் கூட்டாளியிடம் அவர் பாஷையில் ஏதோ சொன்னார். நாச்சிமுத்து மொழி மாற்றிச் சொன்னான்: "பெரியவருக்குப் பல்லில்லையா, இல்ல பசியில்லையான்னு கேக்கறாருங்க மாமா." இரண்டும் இருக்கிறது என்பதைக் காட்ட முழுத் தட்டையும் தின்றேன். ராத்திரி முழுக்க அந்தக் கிழங்கு வயிற்றில் கல்லாகக் கிடந்தது. பொன்னம்மாவிடம் சொன்ன சொல்லும் கூடவே கிடந்தது.

காலையில் இஞ்சினீயர் என்னைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போனார். சின்ன வயசு, தஞ்சாவூர்ப் பக்கம். என் மகன் வயசுகூட இருக்காது. ஆனால் நான் ஒன்றைத் தொட்டால் அதைப் பற்றி நாலு சொல்லாமல் விட மாட்டார். எனக்கு அது பிடித்தது.

"எதை வேணும்னாலும் கேளுங்கோ பெரியவரே. உங்க ஆளுங்க உசிரு, நீங்க பார்க்காம யார் பார்க்கிறது?"

கேட்டேன், பார்த்தேன், தட்டினேன். அறுபது வயசுக்கு மேல் எனக்கு வெட்கம் என்ன. மேல்பாறையைக் கடப்பாறையால் தட்டிக்கொண்டே நடந்தேன். உள்ளே பொள்ளல் என்று கைக்குத் தெரிந்த இடத்தில் எல்லாம் ஏற்கெனவே மரம் முட்டுக் கொடுத்திருந்தார்கள். வெடி மருந்து ஒரு கொட்டகையில், அதைக் கிளப்பிவிடும் தோட்டா வேறொரு கொட்டகையில், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. உள்ளே பீடி கிடையாது. தகரக் குழாய் ஒன்றில் காற்றை ஊதி உள்ளே அனுப்பினார்கள். வெடித்த பிறகு புகை போகும் வரை யாரும் கால் வைக்கக் கூடாது. நான் சொல்லலாம் என்று நினைத்து வைத்திருந்தது எல்லாம் எனக்கு முன்னாலேயே அங்கே நடந்துகொண்டிருந்தது. மனசுக்குள் கொஞ்சம் வருத்தம்தான்.

இருந்தாலும் அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். ஏன் என்று உள்ளே வெகுதூரம் போன பிறகுதான் தெரிந்தது. கிணற்றில் எவ்வளவு ஆழம் இறங்கினாலும் அண்ணாந்தால் வட்டமாக வானம் தெரியும். விளிம்பில் ஒருத்தன் தலை தெரியும். இங்கே அண்ணாந்தால் பாறை. திரும்பிப் பார்த்தால் வாசல் ஒரு நெல்லு அளவுக்கு வெளிச்சம். ஒரு வளைவு திரும்பியதும் அதுவும் இல்லை. கிணற்றைப் படுக்கப்போட்டு, அதன் மேல் மலையையும் தூக்கி வைத்த மாதிரி.

வெளியே வந்ததும் இஞ்சினீயர் வாசலில் இருந்த பலகையைக் காட்டினார். வரிசையாக ஆணி அடித்து ஆணிக்கு ஒரு நம்பர். உள்ளே போகிற ஒவ்வொருவரும் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். வெடி வைக்கும் முன் விசில் ஊதுவார்கள். எல்லோரும் வெளியே வந்து, பலகையில் வெடிக்காரன் நம்பரைத் தவிர வெற்று ஆணியே இல்லை என்றால்தான் உள்ளே காத்திருக்கும் வெடிக்காரனுக்கு ஒரு கம்பியை இழுத்து மணி அடிப்பார்கள். ஒரு மணி என்றால் திரிக்குத் தீ வை. ரெண்டு மணி என்றால் நிறுத்து. பலகைக்குக் கோபாலன் என்ற மலையாளத்துக்காரர் காவல்.

"இது நம்ம ஊருக்கே புதுசு" என்றார் இஞ்சினீயர். நானும் தலையாட்டினேன். நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல ஏற்பாடு.

அன்று மத்தியானம் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். விசில் ஊதினார்களாம். உள்ளேயிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் தலை முதல் கால் வரை கல் தூசி. முதலில் தெலுங்கு ஜமாக்காரர்கள் ஒவ்வொருவராக வில்லையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு என் ஆட்கள் வந்தார்கள். நாச்சிமுத்து மடியிலிருந்து ஒரு பிடி வில்லையை எடுத்து மொத்தமாகக் கோபாலன் கையில் கொடுத்தான். கோபாலன் அவற்றை வரிசையாக மாட்டினார்.

இதை நான் விளக்க வேண்டும். என் ஜமாவில் வழக்கம் அதுதான். கூலியோ வெற்றிலையோ மருந்தோ, ஜமாத் தலைவன் ஒருவன்தான் கை நீட்டி எல்லோருக்குமாக வாங்குவான், கொடுப்பான். பத்துப் பேர் வரிசையில் நின்று கை நீட்டுவதை நாங்கள் மரியாதையாக நினைப்பதில்லை. காலையில் உள்ளே போகும்போதே எல்லா வில்லையையும் நாச்சிமுத்து ஒரே கையில் வாங்கி மடியில் கட்டிக்கொள்வான். மாசக்கணக்காக அப்படியே நடந்திருக்கிறது. கோபாலனுக்கும் அது சுலபமாக இருந்திருக்கிறது.

ஆட்கள் நிழலில் உட்கார்ந்து தூக்குப்போசிகளைக் கழற்றினார்கள். வேலிக் கம்பியில் வரிசையாக மாட்டியிருந்ததை ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். கம்பியில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. பிடியில் மஞ்சள் துணி.

காங்கேயத்திலிருந்து அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். அது எத்தனை தூரத்தில் இருந்தாலும் எனக்குத் தெரியும்.

"மாப்பிள்ளை, ரங்கன் எங்கீங்க?"

"வந்திருப்பானுங்க மாமா. வில்லை குடுத்தாச்சுங்களே" என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"குடுத்தது நீங்களா, அவனா?"

அவன் கை நின்றது. சுற்றும் பார்த்தான். "டேய், ரங்கனை யாருடா தொட்டுக் கூட்டியாந்தது?"

ஒருவன் இன்னொருவனைக் காட்டினான். அந்த இன்னொருவன், "நீதான்னு நெனச்சேன்" என்றான்.

நான் எழுந்து ஓடினேன். என் முழங்கால் அப்படி ஓடி வருஷங்கள் ஆகின்றன. இஞ்சினீயர் அப்போதுதான் பலகையைப் பார்த்துத் தலையாட்டிக் கம்பிக்காரனுக்குக் கை காட்டியிருந்தார். தீ வைக்கச் சொல்லும் அந்த ஒரு மணி உள்ளே போய்விட்டது.

"நிறுத்துங்க, உள்ள ஆளிருக்குதுங்க."

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். வெடிக்காரன் ஆணியைத் தவிர எல்லாம் நிறைந்திருந்தது. "எல்லா வில்லையும் இருக்கே பெரியவரே."

"வில்லை இருக்குதுங்க. ஆளு இல்லீங்க. அவன் போசி அங்கியே தொங்குது பாருங்க."

அந்தப் பையன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பலகையை நம்புவதா, ஒரு சோற்றுப் பாத்திரத்தை நம்புவதா என்று அவர் யோசித்திருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் யோசிக்கவில்லை. தானே பாய்ந்து கம்பியை இழுத்தார். இரண்டு தடவை. திரும்பவும் இரண்டு தடவை.

பிறகு காத்திருந்தோம். சோற்றுக் கையோடு நாச்சிமுத்து வாசலுக்குள் ஓடப் பார்த்தான். இரண்டு பேர் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நான் வாசல் மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். வெடி வெடித்தால் காதில் விழாவிட்டாலும் கையில் தெரியும். பொன்னம்மா பஸ் நின்ற இடத்தில் நிற்பது மட்டும் கண்ணுக்கு வந்தது.

மரம் அதிரவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளே ஒரு விளக்கு ஆடியது. வெடிக்காரன் முன்னால் வந்தான், நெற்றியெல்லாம் வேர்வை. இரண்டு திரிக்குத் தீ வைத்துவிட்டானாம். மணி கேட்டதும் பிடுங்கி மிதித்தானாம். திரும்பி வருகிற வழியில், பக்கவாட்டில் கடப்பாறை அடுக்கும் பொந்தில், ரங்கன் முதுகைக் காட்டிக்கொண்டு முனை மழுங்கினதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தானாம். தோளைத் தொட்டதும் திரும்பினானாம். திரி எரிந்துகொண்டிருந்தால் ஓடி வருகிறவன் அந்தப் பொந்தை எட்டிப் பார்த்திருக்க மாட்டான்.

ரங்கன் வெளியே வந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, நாச்சிமுத்துவின் சோற்றுக் கையையும் கண்டு, "அதுக்குள்ள சோத்து நேரமாச்சுங்களா?" என்றான்.

நாச்சிமுத்து உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கிணற்றில் இது நடந்திருக்காது. அங்கே நாங்கள் சத்தம் போட்டுப் பேசுவதே கிடையாது. கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால் கூடை மேலே, இரண்டு இழுப்பு என்றால் ஆள் மேலே. அதனால் யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்பதை நாங்கள் ஒரு பொருட்டாக எடுத்ததே இல்லை. விசிலை நம்பி வேலை செய்யும் இடம் இதுதான் எங்களுக்கு முதல் தடவை.

இஞ்சினீயர் அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. மறுநாள் காலையில் என் ஆட்களை எல்லாம் வரிசையாக நிற்கச் சொன்னார். ஒவ்வொருவனும் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அவர் பின்னால் நின்று பாக்கெட் கடிகாரத்தைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவருவார். சத்தம் கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே வேலை கிடையாது.

எல்லோருக்கும் கேட்டது. ரங்கனுக்குக்கூடக் கேட்டது.

எப்படி என்று நான் பார்த்துவிட்டேன். தன் முறை முடிந்து எதிரே உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, கடிகாரம் பக்கத்தில் வந்ததும் கால் கட்டைவிரலை அசைத்தான். உடனே நிற்கிறவன் கையைத் தூக்கினான். வேலை போய்விடக் கூடாதே என்ற பயம். தன்னால் போகப் பார்த்த உயிரை நினைத்து ராத்திரி முழுக்க அழுதவன், காலையில் கால் விரலை ஆட்டுகிறான். அவனைக் குறை சொல்ல என்னால் ஆகவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

நான் எழுந்து போய் வரிசையில் முதுகைக் காட்டி நின்றேன்.

"உங்களுக்கு எதுக்கு பெரியவரே?" என்றார் இஞ்சினீயர்.

"சும்மா பாருங்க."

எதிரே மாப்பிள்ளையின் கட்டைவிரல் அசைந்தது. நான் கையைத் தூக்கவில்லை. திரும்பவும் அசைந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன், கெஞ்சியது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கேட்கிறதா?"

அதுவும் அவர் முன்னால் வந்து நின்று உதட்டை அசைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"எனக்குக் கேக்கலீங்க" என்றேன். என் ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன். "கோயமுத்தூர்ல மில்லுச் சங்கே கேக்கலீங்க. வெடி வெச்சவன் காது எல்லாத்துக்கும் இதுதானுங்க கதி. கேக்காதவன் கேக்கலீன்னு சொல்லுங்கடா. நேத்து ஒரு போசி மிச்சமிருந்துச்சு. இன்னொரு நாளைக்கு அதைப் பாக்கறதுக்கு நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன்."

நாச்சிமுத்துதான் முதலில் வாயைத் திறந்தான். எழுந்து பக்கத்தில் வந்து, நான் பார்க்கும்படி நின்று சொன்னான்.

"ஏனுங்க மாமா, நான் பொண்ணு கேட்டு வந்தப்ப மூணு தடவை கேக்க வெச்சீங்களே, அது இதுக்குத்தானுங்களா? நான் பெரிய மனுசன் கெத்துன்னு நெனச்சுப் பயந்துபோட்டேன்."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். இஞ்சினீயரும் சிரித்தார். ரங்கனுக்கு யாரோ சைகையில் சொன்னதும் அவன் எல்லோருக்கும் பிறகு, தனியாக, பெரிய சத்தமாகச் சிரித்தான்.

மறுபடி முதலிலிருந்து பார்த்தார்கள். இந்தத் தடவை நாச்சிமுத்துவையும் திருப்பி உட்காரவைத்தேன். பாதிப் பேருக்கு மேல் கை தூக்கவில்லை. அவர்களை வெளியே மரம் அறுக்கவும், கல் கொட்டவும் மாற்றினார்கள். கூலி கொஞ்சம் குறையும். ரங்கனைக் கடப்பாறை முனை காய்ச்சும் உலைக்களத்தில் துருத்தி போட வைத்தார்கள். இனி வில்லையை அவனவன் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும், அவனவன் கையால்தான் கொடுக்க வேண்டும். கோபாலன் முகத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் அவர் பாஷையில் முணுமுணுத்ததை நாச்சிமுத்து சொன்னான்: "தூசியில எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சின்னு சொல்றாருங்க." அப்படியானால் முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள் என்றார் இஞ்சினீயர். வாசலில் ஒரு தொட்டி வைத்தார்கள்.

"உங்க ஆளுங்களை அனுப்புவேளா?" என்று புறப்படும்போது கேட்டார்.

"இடத்துல குத்தமில்லீங்க. ஆளைத்தான் சலிச்சு அனுப்போணும்" என்றேன்.

ரங்கன் தூக்குப்போசியைத் திருப்பிக் கொடுத்தான். பாத்திரத்தை வெறுமையாகக் கொடுத்தனுப்ப அவனுக்கு மனசில்லை. மலை நெல்லிக்காய் நிறைத்திருந்தான்.

திரும்புகிற வழியில் கோயமுத்தூரில் ஒரு கடையில் நின்று பாக்கெட் கடிகாரம் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் சாவி கொடுத்து என் காதுக்குப் பக்கத்தில் நீட்டினார். பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நொடி முள் நகர்ந்தது. சரி, ஓடுகிறது என்றேன். பஸ்ஸில் யார் என்ன கேட்டாலும் இந்தத் தடவை, "சத்தமாச் சொல்லுங்க, காது மந்தம்" என்றேன். எல்லோரும் அதன் பிறகு பேசவே இல்லை. ஒரு விதத்தில் சுகமாக இருந்தது. ஆனால் மலையை விட்டு எத்தனை தூரம் வந்தாலும் உள்ளங்கையில் அந்த வாசல் மரம் இருந்துகொண்டே இருந்தது.

ஊரில் பஸ் நின்றபோது ஆட்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். பொன்னம்மா முன்னால் நின்றாள். என் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை. போசியை நீட்டினேன். வாங்கி மூடியைத் திறந்து நெல்லிக்காயைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏத்த எடமுங்களா, மேஸ்திரி?" அவள் என் எதிரே வந்து நின்று கேட்டதால் எனக்குப் புரிந்தது. அவளுக்கு அது பழக்கம்.

"கேக்காதவனுக்கு ஏத்த எடமில்ல அம்மணி. அவன் இனி உள்ள போறதில்ல. வெளிய துருத்தி போடறான். கூலி கம்மிதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என் முகத்துக்கு நேராக நிமிர்ந்து, "கம்மியா இருந்தாப் பரவாயில்லீங்க" என்றாள்.

நான் கடிகாரத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். "இது ஓடுதான்னு பாரு."

அவள் காதில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஓடுதுங்க" என்றாள்.

"அப்ப நீ அதைப் புடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, மலைக்குப் போகக் காத்திருந்தவர்களை அந்தச் சாலையோரத்திலேயே முதுகைக் காட்டி வரிசையாக நிற்கச் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்றேன். பொன்னம்மா கடிகாரத்தை ஒரு கையிலும் நெல்லிக்காயை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, முதல் ஆளின் பின்னால் போய் நின்றாள்.